தால்சாவுக்கு அடியில்

பகல் ஒன்றரை மணி. திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றின் வரலாற்றுத் துறையில் மின்விசிறி பிரியாணி வாசனையைச் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடத்த விழுப்புரத்திலிருந்து வந்த பேராசிரியர் எலும்பை உறிஞ்சுகிறார். மணிக்கட்டு வரை வழிந்த நெய்யை நக்கிக்கொள்கிறார். தேர்வு இன்னும் தொடங்கவில்லை. வருகிறவருக்குச் சாப்பாடு வாங்குவதும் பரிமாறுவதும் எம்.பில். மாணவரின் பொறுப்பு என்பது இங்கே வழக்கம். ஆரோக்கியசெல்வி கரண்டியோடு நிற்கிறாள். மேசையில் சூடு படக் கூடாதென்று அவளுடைய ஆய்வேட்டைத் தால்சா பாத்திரத்துக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். ஒலக்கூர்ப் பக்கத்துப் பண்ணையாட்களைப் பற்றிய ஆய்வு. எண்ணெய் அட்டையில் ஊறி அவள் பெயரைத் தாண்டிப் பரவுகிறது.

“இன்னொரு பீஸ் போடும்மா,” என்கிறார் பேராசிரியர். “மூணாவது சேப்டர பத்தி ஒங்க சார் சொன்னாரு. கொல்லப்பக்கம் குந்தவச்சி கையில கூழு ஊத்துனாங்க, அது இதுன்னு. சாப்பிடறப்ப கேட்டாலே கொமட்டுது. அத எதுக்கு எழுதிக்கினு?”

அவள் நெறியாளர் தயிர்ப்பச்சடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சிரிக்கிறார். “எடுத்துடுவா சார். நல்ல பொண்ணு. எடுத்துட்டா இன்னிக்கே கையெழுத்து. இன்னாம்மா?”

அந்த அத்தியாயத்தில் தாங்கள் அப்படிக் கூழ் குடித்ததைச் சொல்லும் பண்ணையாட்களில் அவள் அப்பா அந்தோணிசாமியும் ஒருவர். பேராசிரியர் ஏப்பம் விடுகிறார். மீசையில் ஒரு பருக்கை ஆடுகிறது. ஆரோக்கியசெல்வி கரண்டியைக் கீழே வைக்கிறாள்.

“அந்தச் சேப்டர்ல எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சீங்க சார்?”