பாரிஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

"இன்னிக்கு பாரிஸ்ல எங்க?" படகின் குட்டிச் சமையலறையில் டீ கலக்கியபடி கேட்டாள் நவமணி.

"மொதல்ல மியூசியம். அப்புறம் பாலத்தத் தாண்டி கோபுரம்," என்று வரைபடத்தில் கோடு போட்டார் புவனேஸ்வரன். ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கிய சொந்தப் படகு. சொந்த ஊரான ஜார்ஜ்டவுனில் சொந்தக்காரர்கள் ஆட்டுக்கறி விருந்து வைத்து, மாலை போட்டு, உலகம் சுற்ற வழியனுப்பி எட்டு மாதமாகிறது.

கைப்பேசியில் நவமணியின் தம்பி குணசீலன்.

"அத்தான், பாரிஸ் எப்படிலா?"

"என்னத்தச் சொல்ல மச்சான்! கதவத் தொறந்தா ஆறு, கால வச்சா ஊரு. உங்கக்கா இங்கேயே தங்கிருவா போல."

"அங்க மணி என்ன?"

புவனேஸ்வரன் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "காலைல ஒம்பது."

"ஒரு சின்ன உதவிலா, அத்தான்."

"சென்ட்டு தானே? ரெண்டு பாட்டிலா வாங்கியாரேன்."

"அதெல்லாம் வேணாம். உங்க படகக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க. தண்ணி வத்துறதுக்குள்ள நான் மீன் பிடிக்கப் போகணும்."

புவனேஸ்வரன் வெளியே எட்டிப் பார்த்தார். ஜார்ஜ்டவுனுக்கு எதிர்க்கரையில், சிம்பாங் அம்பாட் பக்கத்து மீன்பிடித் துறையில், அவர் படகு வழிமறித்து நிற்க, பின்னால் ஒரு சிறு படகில் தூண்டிலும் கைப்பேசியுமாக நின்றிருந்தான் குணசீலன்.

புறப்பட்ட அன்றே இன்ஜின் நின்றுபோயிருந்தது. அத்தனை மாலைக்கும் பிறகு எந்த முகத்தோடு வீட்டுக்குத் திரும்புவது? அன்றிலிருந்து இருவருக்கும் வரைபடத்திலேயேதான் பயணம்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"மறுநாளே. விருந்து வேற போட்டுட்டோமா, கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

புவனேஸ்வரன் தலையைச் சொறிந்தார்.

"சரி, பாரிஸ் வரைக்கும் வந்துட்ட. உள்ள வா மச்சான், ஒரு டீ குடிச்சிட்டுப் போ."