நெஞ்சுக்குள் இருந்த பெயர்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம். நோயாளிகள் இல்லாத ஸ்கேன் அறையில் மரப் புத்தர் சம்மணம் கலையாமல் மல்லாந்து கிடக்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்கேன் எடுப்பவள் பழக்கதோஷத்தில் மைக்கை அழுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்கிறாள். பக்கத்தில் நிற்கும் வயதான பிக்கு சிரிக்கிறார். "முந்நூறு வருஷமா பிடிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்காரு." சிரிப்பு சீக்கிரமே நின்றுவிடுகிறது. ஒரு கொள்ளைநோயில் செத்தவர்களின் பெயர்களை ஓலையில் எழுதி, சுருட்டி, இந்த நெஞ்சுக்குள் வைத்து அடைத்தார்களாம். அன்றிலிருந்து, ஆளை இழந்தவர்கள் வந்து அதில் கைவைத்துப் பேசிவிட்டுப் போகிறார்கள். பதினோரு வருஷத்துக்கு முன் திருடுபோன சிலை போன வாரம்தான் திரும்பி வந்தது. விகாரையில் இப்போது இந்தப் பிக்கு ஒருவர்தான். தூக்கியபோது கனம் குறைந்தாற்போல் இருந்திருக்கிறது. ஓலைகள் உள்ளே இருக்கின்றனவா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

திரையில் படம் அடுக்கடுக்காக விரிகிறது. மரத்தின் ஆண்டு வளையங்கள், அவற்றின் நடுவே வெறும் இருட்டு. நெஞ்சுப் படம் இப்படிச் சுத்தமாக வந்தால், நோயாளியோடு வந்தவர்களைப் பார்த்து அவள் புன்னகைப்பாள். இன்று தலை நிமிரவில்லை.

"காலிதானேம்மா?"

"ஆமா ஐயா." அவள் விரல் விசைப்பலகைக்குப் போகிறது. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். படத்தை அழிச்சிடட்டுமா?"

"வேண்டாம்மா. நாளைக்குக் கைவைக்க வருவாங்க. சொல்லிட்டுத்தான் வைக்க விடணும்."

உள்ளே போய்ச் சிலையை இடது கையில் குழந்தைபோல ஏந்திக்கொள்கிறார். காலி நாற்காலிகளைத் தாண்டி, ஆளற்ற தாழ்வாரத்தில் மெல்லப் போகிறார். வலது உள்ளங்கை அதன் நெஞ்சை மூடியிருக்கிறது.