பாலத்தில் நின்ற ஜீப்

"கையெழுத்து மட்டும் கேக்காத ஆத்தா. வேற என்ன வேணும்னாலும் கேளு."

சொல்லிவிட்டு சுருளிராஜன் தன் ஜீப்பின் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். முனீஸ்வரிக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

கம்பத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர் அது. அவள் அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். ஒரு மாதமாக மத்தியானத்தோடு கடையைப் பூட்டிவிட்டு, ஒரு கோரிக்கைத் தாளில் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர் வேலை செய்யாவிட்டால், ஓட்டுப் போட்டே இறக்கவும் மக்களுக்கு உரிமை வேண்டும். அரசமைப்புச் சட்டத்தை அதற்காகத் திருத்த வேண்டும். இப்படி ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்புவது அவள் சேர்ந்திருக்கும் இயக்கத்தின் திட்டம்.

அந்த ஊருக்கு இது வெறும் பேச்சில்லை. ஊராட்சித் தலைவர் ஜெயித்த கையோடு தேனிக்குக் குடிபோய்விட்டார். தண்ணீர்த் தொட்டி விரிசல் விட்டு, சாக்கடை கலந்து, தெருவே வயிற்றுப்போக்கில் விழுந்தது. முனீஸ்வரியின் மகள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக் கிடந்தாள். மனுசன் எட்டிப் பார்க்கவில்லை.

"தலைவரைக் கண்டா பயமா, மாமா?"

"பயம்னே வச்சுக்க."

"அவுக வீட்டு விசேசத்துக்கு வண்டி ஓட்டுறீகள்ல, அந்த விசுவாசமா?"

பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் துணியை உதறி மறுபடி துடைத்தார்.

"சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கிறீக?" என்று கேட்டுவிட்டு முனீஸ்வரி விறுவிறுவென்று நடந்தாள்.

கையெழுத்தைவிடப் பெரிய கவலை ஒன்று அவளுக்கு இருந்தது. கோரம், அதாவது கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் வேண்டிய ஆள் கணக்கு. போதுமான ஆள் இல்லையென்றால் கிராம சபை செல்லாது. போன தடவையும் அப்படித்தான், ஆள் பத்தாது என்று தலைவர் கூட்டத்தைக் கலைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். ஊரில் பாதிப் பெண்கள் விடியுமுன்னே சுருளிராஜன் போன்றவர்களின் ஜீப்பில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். கூட்டத்துக்கு எங்கிருந்து வருவார்கள்?

ஏலக்காய் எடுக்கப் போகும் பவுனுவிடம் கேட்டுப் பார்த்தாள்.

"லீவு போட்டா கங்காணி வேற ஆளை எடுத்துக்கிருவாருக்கா. கிராம சபைக்குன்னு சொன்னா அன்னைக்கே கணக்கை முடிச்சிருவாரு" என்றாள் பவுனு.

கிராம சபை அன்று விடியற்காலை, வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது ஓடைப் பக்கம் கூச்சல் கேட்டது. முனீஸ்வரி ஓடிப் போய்ப் பார்த்தாள்.

ஊரைவிட்டு வெளியே போக அந்த ஒரு பாலம்தான். அதில் சுருளிராஜனின் ஜீப் குறுக்காக நின்றிருந்தது. பின்னால் ஊரின் மற்ற ஜீப்புகள் எல்லாம் வரிசையாக.

"கியர் சிக்கிக்கிருச்சு. தள்ளினாலும் நகரல" என்றார் சுருளிராஜன்.

பெண்கள் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்கள். எல்லாரையும்விடப் பவுனுதான் அதிகம் கத்தினாள்.

"எங்க கூலிக்கு யாரு பதில் சொல்றது? ஓட்டை வண்டிய வச்சுக்கிட்டு எங்க பொழப்பைக் கெடுக்குறீகளே."

கம்பத்திலிருந்து மெக்கானிக் வந்து வண்டியை ஓரங்கட்டும்போது வெயில் ஏறிவிட்டது. கங்காணியின் போன் வந்தது. சுருளிராஜன் ஸ்பீக்கரில் போட்டார்.

"இனிமே வந்து என்ன பிரயோசனம்? இன்னைக்கு யாரும் வர வேண்டாம். சுருளி, நாளையில இருந்து உன் வண்டியும் வேண்டாம். வேற வண்டி பேசிக்கிறேன்."

'நல்லா வேணும்' என்று நினைத்துக்கொண்டாள் முனீஸ்வரி.

பதினோரு மணிக்குச் சிரித்தபடி காரில் இறங்கிய தலைவர், சமுதாயக்கூடம் நிரம்பி வாசல்வரை பெண்கள் நிற்பதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

முனீஸ்வரி தீர்மானத்தை வாசித்தாள்.

"சட்டத்தைத் திருத்துறது டெல்லிக்காரங்க வேலை. இங்கன எதுக்கு அந்தப் பேச்சு?" என்றார் தலைவர்.

பவுனு எழுந்தாள். "உங்களை ஏத்தி விட்டது டெல்லிக்காரங்களா? நாங்கதான? எறங்குங்கன்னு சொல்ல எங்களுக்கு வாய் இருக்கக் கூடாதா?"

கைகள் உயர்ந்தன. தலைவர் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்த முனீஸ்வரிக்குச் சந்தோசம் பாதிதான். வேப்பமரத்தடியில் சுருளிராஜன் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் காலைக் கோபம் திரும்பியது.

"தீர்மானம் நெறவேறிருச்சு மாமா. உங்க தயவு இல்லாமலே. ஆனா இத்தனை பொம்பளைக கூலியில மண்ணள்ளிப் போட்டீகளே, அதுக்குக் கொஞ்சமாச்சும் வருத்தம் இருக்கா?"

"வண்டி பழசாப் போச்சு ஆத்தா" என்றார் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"பாத்தியா, மன்னிப்புக் கேக்கக்கூட வாய் வரல" என்றாள் முனீஸ்வரி, பக்கத்தில் வந்த பவுனுவிடம்.

பவுனு அவள் கையைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்தாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சத்தம் போடாதக்கா. கூலி போனாப் போகுது, கூட்டத்துக்குப் போயே ஆகணும்னு நீ கையெழுத்துக் கேக்குறதுக்கு முன்னாடியே நாங்கதான் அவுககிட்ட அழுதோம். உங்க மேல பழி வராம நான் வண்டிய நிப்பாட்டுறேன்னு சொன்னாக. உன் பேப்பர்ல அவுக கையெழுத்து இருந்திருந்தா, வண்டி தானா நின்னுச்சுன்னு கங்காணி நம்பியிருப்பானா?"