பக்கத்து இருக்கை

ஓஹையோவில் மார்ச் மதியம். காபிக் கடை ஜன்னலுக்கு வெளியே அழுக்குப் பனி உருகிச் சொட்டுகிறது. வேறு அணியில் ஒப்பந்தம் முடிந்த முப்பத்தாறு வயது ஆட்டக்காரனை ஊர் ஃபுட்பால் அணி பத்துக் கோடி டாலருக்கு எடுத்த செய்தி டிவியில் ஓடுகிறது. "முட்டி போனவனுக்கா இவ்ளோ?" என்கிறார் பஸ் ஓட்டுநர் வோய்சிக். "அப்பன் சொத்துல ஓனர் ஆனவனுக்கு ஆட்டத்தப் பத்தி என்னய்யா தெரியும்?" தபால்காரர் லெராய் கரண்டியால் காபியைக் கலக்குகிறார். இருபத்திரண்டு வருடமாக மைதானத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த இருக்கை. சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கும் படிவத்தை வோய்சிக் ஓரமாகத் தள்ளுகிறார். "இந்த வருஷம் நான் வரல. அலுத்துப்போச்சு." கரண்டி நிற்கிறது. "பதினோரு வருஷமா தோக்குறானுங்க. ஆட்டத்தப் பாக்கவா நான் வர்றேன்?" என்கிறார் லெராய், தலை நிமிராமல். வோய்சிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு படிவத்தைத் திரும்ப இழுக்கிறார். "பேனா வச்சிருக்கியா?"