மனுவில் ஒரு கையெழுத்து

தடுப்பூசி போட்ட மூன்றாம் நாள் மகனுக்கு வலிப்பு வந்தது. நான்கு வயதாகியும் அவன் நடக்கவில்லை. நஷ்டஈடு கேட்கும் மனுவில் கையெழுத்துப் போட வந்த அம்மாவுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

"கேஸுன்னதும் பயமா இருக்காம்மா?" என்றார் வக்கீல்.

"இல்ல சார். மூணு மணிக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பையனுக்கு மறுபடியும் வலிப்பா?"

"அவன் வீட்ல அவங்க அப்பாகூட இருக்கான். இது கைக்குழந்தைக்கு, வெளிய பாட்டிகிட்ட இருக்கா. தடுப்பூசி போடணும்."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "அதே ஊசியா? எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரிஞ்சா என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாரு."

"ஊசியாலதான் வந்துச்சான்னு கோர்ட்டு விசாரிச்சுச் சொல்லட்டும் சார். பெரியவனோட வைத்தியத்துக்கு வழி வேணும், அதுக்குத்தான் கேஸ். அதுக்காகச் சின்னவளை நோய்க்கு விட்டுட முடியுமா? டாக்டர்கிட்ட மூணு தடவை கேட்டுட்டேன். போடலாம்னுதான் சொல்றாரு."

வக்கீல் மனுவை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்களுக்குக் கொஞ்சங்கூடப் பயமில்லையா?"

"ஒரு வாரமா சோறு இறங்கல சார்," என்றாள் அம்மா, பேனாவைத் தானே எடுத்துக்கொண்டு. "மனசு மாறுறதுக்குள்ள போயிடணும். எங்க கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."