லாங் ஷாட்

சினிமா வகுப்பில் ஷாட்டுகளின் பெயர்களை உருப்போட்டவள் விஷ்ணுப்ரியா. படம் ஓடும்போது அவற்றை அபிஜித்தின் காதில் ஓதுபவளும் அவள்தான். முதல் மார்க் மட்டும் எப்போதும் அவனுக்கு. அவளுக்கு வயிறு எரிந்தது.

இந்த முறை, பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகம் திரையை நிறைத்தபோது, "லாங் ஷாட்" என்று வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாள்.

மறுநாள் அந்தக் காட்சி என்ன ஷாட் என்று சார் கேட்டார்.

"க்ளோசப்" என்றான் அபிஜித். வகுப்பே கைதட்டியது.

ஸ்ரீவராகம் ஸ்டாப்பில் இறங்கியதும் அவனை மறித்தாள். "நான் லாங் ஷாட்டுன்னில்லையோ சொன்னேன்?"

"சொன்னே. ஆனா தொண்டை அடைச்சுண்டே சொன்னே. முகம் கிட்ட வந்தாத்தான் உனக்கு அப்படி ஆகும்."

மடக்கியிருந்த வெள்ளைக்கோலை விரித்து, தரையைத் தட்டிக்கொண்டே அவன் தெருவுக்குள் நடந்தான்.