ஒரே இடத்தில் மேடு

நான்காவது வரைபடத்திலும் அதே மேடு.

அவன் எழுந்தான். உட்கார்ந்தான். முழங்கையின் உட்புறத்தைச் சொறிந்தான். பத்து நாள் பழைய ஊசித் தடம், நீலம் போய் மஞ்சளாகியிருந்தது.

நான்கு குழந்தைகள். நான்கு குடும்பங்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் பதின்மூன்றாம் குரோமோசோமில், அளந்து வெட்டினாற்போல் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிகிற துண்டு நால்வருக்கும் கூடுதலாக இருந்தது.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா காளை, ஊரே ஒரே தாத்தாவுக்குப் பேரப்பிள்ளைங்களா?" என்றவள் பதிலுக்குக் காத்திராமல் டீ குடிக்கப் போனாள்.

காளை என்பது ஆய்வகம் வைத்த பெயர். ஒன்பது வருடத்தில் அவன் உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை.

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் தாழ்வாரம். நான்காவது குழந்தையின் அப்பாவும் அம்மாவும் காலையிலிருந்து அங்கேயே இருந்தார்கள். பையனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. இவர்களுக்குப் பேச்சு நிற்கவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனபோது அவன் காதில் விழுந்தது.

"எங்க பக்கம் எல்லாரும் கணீர்னு பேசுவாங்க. இது உங்க வீட்டுலேர்ந்து வந்தது."

"தெரியுமே. உங்கம்மா பேசினா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்."

ஐந்து மணிக்கு அறிக்கை கொடுத்தாக வேண்டும். கொடுத்தால், யார் பக்கம் என்று கண்டுபிடிக்க அடுத்து இருவர் ரத்தத்தையும் எடுப்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் தலை நிமிராது.

மணி நான்கு பத்து.

கைபேசி அதிர்ந்தது. மனைவி மகளின் படத்தை அனுப்பியிருந்தாள். எட்டு மாதம். தரையில் கவிழ்ந்து தலையைத் தூக்கிச் சிரிக்கிறாள். ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஒரு கண் சிவப்பு, ஒரு கண் வெள்ளை. கீழே, "உங்க மகளுக்கு ஒத்தக் கண்ணுல வைரமாம். எங்கம்மா சொல்றாங்க."

பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை ஒன்றைத் தட்டி அனுப்பிவிட்டுத் திரைக்குத் திரும்பினான்.

அந்தத் துண்டுக்குள் பதினோரு மரபணுக்கள். ஒவ்வொன்றாகத் திறந்து படித்தான். எதற்கும் பேச்சோடு சம்பந்தமில்லை. ஒன்பதாவது, குழந்தைகளின் கண்ணில் புற்றுக்கட்டி வராமல் காக்கிற மரபணு. அதுவும் ஒரு பிரதி குறைந்தால்தான் ஆபத்து. இங்கே கூடியல்லவா இருக்கிறது? தாண்டிப் போனான்.

கால் தானாக ஆடியது. மேசை நடுங்கியது. பேனா உருண்டு விழுந்தது. எடுக்கவில்லை.

மேட்டின் உயரம்தான் உறுத்தியது.

எல்லோருக்கும் இந்தத் துண்டு இரண்டு பிரதிகள். குழந்தைக்கு ஒன்று கூடினால் மூன்று. மூன்றுக்கு இரண்டு என்றால் மேடு இத்தனை உயரம் எழும்பாது. இது இரட்டிப்பு. நான்குக்கு இரண்டு.

அல்லது இரண்டுக்கு ஒன்று.

அவன் கால் நின்றது.

இந்தச் சோதனை ஒரு தராசு. ஒரு தட்டில் நோயாளி, இன்னொரு தட்டில் இயல்பான மனிதர் ஒருவரின் ஒப்பீட்டு மாதிரி. படிக்கல்லில் ஒரு மூலை உடைந்திருந்தால் கடைக்கு வருகிற தக்காளியெல்லாம் கனமாகத்தான் தெரியும். நான்கு குழந்தைகளுக்கும் எதுவும் கூடவில்லை. படிக்கல்தான் குறைகிறது.

நாற்காலி சுவரில் போய் இடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினான். இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்தார்கள்.

"பையனுக்கு இந்த இடத்துல கோளாறு இல்லீங்க. தப்பு எங்க பக்கம். பேச்சுக்கு வேற காரணம் பார்க்கணும். சோதனையை மறுபடி ஓட்டிட்டு எழுதித் தர்றேன்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கணவன் அவள் தோளைத் தொட்டான், கையை எடுத்தான், மறுபடி தொட்டான். பிறகு, இத்தனை நேரம் சண்டைக்கு ஆள் தேடியே பழகிய வாயால், கேட்டான்.

"அப்ப குறை யாருக்கு சார்?"

"ஒப்பீட்டுக்கு ரத்தம் கொடுத்த..." என்று தொடங்கியவன் வாயை மூடினான்.

வெளியிலிருந்து வாங்குகிற ஒப்பீட்டு மாதிரி போன மாதம் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. வேலை தேங்கியது. நம்மிடமே திடகாத்திரமான ஆள் இருக்கும்போது எதற்குக் காத்திருப்பது என்று தலைமை மருத்துவர் அவனைப் பார்த்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

உறைபெட்டியைத் திறந்தான். மேல் தட்டில் அந்தக் குழாய். 'ஆண். இயல்பு' என்று அக்காவின் கையெழுத்து. அதன் கீழே, விளையாட்டுக்கு, இரண்டு கொம்பு வரைந்திருந்தாள்.

மேசைக்கு நடந்தே வந்தான். ஒன்பதாவது மரபணுவை மறுபடி திறந்தான். தாண்டிப் போன வரிகள் அங்கேயே இருந்தன. ஒரு பிரதி குறைந்த சிலருக்கு வாழ்நாள் முழுக்க எதுவும் வராமல் போகலாம். பிள்ளைகளுக்கு இறங்கலாம். கட்டியைப் பெரும்பாலும் முதலில் கவனிப்பது பெற்றோர்தான். பல சமயம், ஃபிளாஷ் போட்ட புகைப்படத்தில்.

கைபேசியை எடுத்தான். மனைவி இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"என்ன அதிசயம், வேலை நேரத்துல?"

பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"பாப்பாவைத் தூக்கிட்டு ஜன்னல்கிட்ட வா" என்றான்.